பஸ்ஸில் போகட்டும் என்பவர்களுக்கு

பள்ளிப் பிள்ளைகளை நான்கைந்து நாள் சைக்கிளில் வெளியூருக்கு அழைத்துப் போகலாம் என்று எந்த ஆசிரியர் கூட்டத்தில் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வருகிறது. "யோசனை நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இன்னைக்கு இருக்கிற ரோட்டுல யாரு பொறுப்பு ஏத்துக்கிறது? ஒரு பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டு வந்துடலாமே." தலைமையாசிரியர் சொல்வதும் இதுதான், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரர் சொல்வதும் இதுதான். சைக்கிள் மிதித்தே படித்து முன்னுக்கு வந்த பெரியவர்கள்கூட "எங்க காலம் வேற" என்று முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையால்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அக்கறை வந்து சேரும் முடிவு தவறு. காவிரிக் கரையோரம் மாணவர்களைச் சைக்கிளில் கூட்டிப்போகிற ஓர் ஆசிரியன் என்ற முறையில் அதை மறுக்கிறேன்.

நாம் அனுமதி மறுத்துவிட்டால் பிள்ளை சாலைக்கே வராது என்ற நினைப்பில் தொடங்குகிறது தவறு. தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பில் படிக்கும் எல்லோருக்கும் உரியதாயிற்று. ஊருக்கும் பள்ளிக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் என்றால் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு ஐம்பது. கல்லூரிப் பேருந்தும் மினி பஸ்ஸும் மணல் லாரியும் விரைகிற நேரத்தில், தலைக்கவசம் இல்லாமல், தேய்ந்த பிரேக் கட்டையோடு, மூன்று பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே அந்த ஐம்பது கிலோமீட்டரை ஓட்டுகிறார்கள். அதற்கு யார் பொறுப்பு என்று எந்தக் கூட்டத்திலும் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. முன்னும் பின்னும் ஆசிரியர் வர, பிரேக் பார்த்து, நேரம் பார்த்து, சாலை பார்த்து நாற்பது கிலோமீட்டர் போகிறோம் என்றால் மட்டும் கேள்வி வருகிறது. தனியாகப் போகும்போது இல்லாத கவலை, கூடப் போகும்போது மட்டும் ஏன் வர வேண்டும்?

விபத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் மறுப்பவர்கள் முதலில் நீட்டுவது அதைத்தான். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,000க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 75,000 பேர் இருசக்கர மோட்டார் வாகனங்களில் போனவர்கள். சைக்கிளில் போனவர்கள் 5,000க்குக் குறைவு. இதை வைத்துக்கொண்டு சைக்கிள் பாதுகாப்பானது என்று நான் வாதாட மாட்டேன். சாலையில் சைக்கிள்களே குறைந்துவிட்டன, எண்ணிக்கையும் அதனால் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் நம் பிள்ளைகள் எந்த வண்டியை நோக்கிப் போகிறார்கள், அந்த வண்டியில் சாவு எவ்வளவு என்பதை இந்தக் கணக்கு மறைக்கவில்லை. சைக்கிள் பயணத்துக்கு அனுமதி தராத அதே வீட்டில் பதினைந்து வயதுப் பையன் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போகிறான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் கொண்டுவந்த திருத்தப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் எந்தத் தெருவிலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

அந்தப் பையனுக்குச் சாலையைப் படிக்க யார் கற்றுக்கொடுத்தார்கள்? மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் போகிற சைக்கிள் ஒரு நொடியில் நான்கு மீட்டர் நகர்கிறது. அறுபதில் போகிற பைக் பதினாறு மீட்டரைத் தாண்டுகிறது. எடை ஒன்றே என்றாலும் மோதலில் வெளிப்படும் ஆற்றல் பதினாறு மடங்கு. பின்னால் வரும் லாரியின் ஓசையை வைத்தே அதன் தூரத்தைக் கணிப்பது, வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணிப்பது, எதிரே முந்திக்கொண்டு வரும் பேருந்துக்கு ஒதுங்க இடம் எங்கே என்று ஒரு கண்ணை எப்போதும் ஓரத்தில் வைத்திருப்பது, இவையெல்லாம் நான்கு மீட்டர் வேகத்தில் கற்க வேண்டியவை. அந்த வேகத்தில் பிள்ளை தானே செய்கிற பிழை பெரும்பாலும் முழங்கால் சிராய்ப்போடு போகும். அதைக் கற்காமலே அடுத்த வேகத்துக்குத் தாவுகிறவர்களைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

நெதர்லாந்தில் 1971இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,300 பேர். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். சைக்கிள் ஓட்டும் நாடு என்று இன்று நாம் வியக்கிற நாட்டின் நிலை அப்போது அதுதான். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்து என்பதையே பெயராகக் கொண்டு ஓர் இயக்கம் நடத்தினார்கள். சைக்கிளை வீட்டுக்குள் பூட்டி வைக்கும்படி அந்த இயக்கம் கேட்கவில்லை. தெருக்களை மாற்றும்படி கேட்டது. அந்த நாட்டுப் பள்ளிகளில் சாலை விதித் தேர்வு 1932 முதலே உண்டு. தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகள் சைக்கிளோடு உண்மையான தெருவில் இறங்கி ஓட்டிக் காட்டுகிறார்கள். நம் சாலைகள் அவர்களுடைய சாலைகள் அல்ல, தெரியும். அவர்களுடைய சாலைகளும் 1971இல் அப்படி இருக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. பிள்ளைகளும் பெண்களும் சைக்கிளோடு சாலையில் தெரிந்துகொண்டே இருந்தால்தான் சாலையை அவர்களுக்காகவும் போட வேண்டும் என்ற நினைப்பு பொறியாளருக்கு வரும்.

எல்லாச் சாலையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போக யார் கேட்டாலும் மறுப்பவர்களோடு நானும் நிற்பேன். எழுபது கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலையில் கம்பிப் பிரேக் சைக்கிளில் பிள்ளைகளை இறக்குவது குற்றம் என்றே சொல்வேன். தஞ்சாவூர் திருச்சி நான்குவழிச் சாலையும் வேண்டாம். இருட்டிய பிறகு எந்தச் சாலையும் வேண்டாம். அபாயம் சைக்கிளில் இருக்கிறது என்கிறார்கள். எந்தச் சாலை, எந்த மாதம், எந்த நேரம், எத்தனை பேர் என்ற தேர்வுகளில்தான் அது இருக்கிறது என்கிறேன்.

நான் எப்போதும் முன்வைப்பது பூம்புகாரிலிருந்து முக்கொம்பு வரையிலான வழி. ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மயிலாடுதுறை, கும்பகோணம், திருவையாறு, கல்லணை என்று படிப்படியாக ஏறிப் போகலாம். நாளுக்கு நாற்பதைத் தாண்ட வேண்டியதில்லை. திருச்சியில் தொடங்கிக் கடலில் முடிப்பதுதானே இயல்பு என்று எல்லோரும் கேட்பார்கள். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். கடலை நோக்கிப் போனால் நாள் முழுக்க முகத்தில் அடிக்கும், கியர் இல்லாத சைக்கிளில் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். மேற்கே போனால் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். டெல்டாவில் ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. காற்றுதான் அங்கே ஏற்றமும் இறக்கமும். ஆடியில் போவதாக இருந்தால் திசையை மாற்றிவிட வேண்டும்.

தையில் இன்னொரு விஷயம் உண்டு. விடியற்காலைப் பனி ஏழரை எட்டு மணிவரைகூட வயல்களை விட்டு எழாது. "வெயிலுக்கு முன்னால கிளம்பிடணும்" என்று ஐந்து மணிக்கே விசில் ஊதுகிற ஆசிரியர்களை அறிவேன். பனியில் லாரிக்காரருக்குச் சைக்கிள் தெரியாது. எதிர்க்கரைத் தென்னை தெளிவாகத் தெரிகிறவரை ஒருவரும் நகரக்கூடாது. அறுவடைக் காலம் என்பதால் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும், வைக்கோல் செயினுக்குள் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். காயப்போட்டவர்கள் கோபப்படாமலிருக்கவும் அதுவே வழி. மயிலாடுதுறை கும்பகோணம் பகுதிதான் இந்த வழியில் நெருக்கமானது. கல்லூரிப் பேருந்துகள் ஓடாத விடுமுறை நாளின் காலையில், அன்றைக்கு முகூர்த்தம் இல்லை என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டு அதைக் கடக்க வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு விரித்துச் சொல்வது, பொறுப்பு என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டத்தான். பஸ்ஸுக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். சுற்றுலாப் பேருந்துகள் ஒரு நாள் தங்கும் செலவை மிச்சப்படுத்த இரவெல்லாம் ஓடுவதும், பகலில் ஓட்டிய அதே ஓட்டுநர் இரவிலும் ஓட்டுவதும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதில் ஏற்றி அனுப்பும்போது எவரும் ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்பதில்லை.

பஸ்ஸில் போனாலும் கல்லணையைப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம், இறங்கி அரை மணி நேரம் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பூம்புகாரில் காவிரி கடலில் சேருமிடத்தைப் பார்த்த பிள்ளைக்கு முதலில் வருவது ஏமாற்றம். இவ்வளவு புகழ்பெற்ற ஆறு வாய்க்காலைப் போல இருக்கிறதே என்று. மேலையூர்க் கடைசிக் கதவணையிலும் அப்படித்தான். சைக்கிளில் மேற்கே போகப் போக ஆறு அகன்றுகொண்டே வருகிறது. திருவையாற்றுக்கு அப்பால் ஒரு பையன் கேட்டான், "கடலுக்குப் போகப் போக ஆறு பெருசாகும்னுதானே புத்தகத்துல இருக்கு? இது தலைகீழா இருக்கே சார்?" கல்லணையில் அவனுக்கு விடை கிடைத்தது. அங்கே காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. மேட்டூர் அணையோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாய் பிரிகிறது. மிஞ்சும் வெள்ளம் கொள்ளிடத்துக்குத் திரும்புகிறது. முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணைக்குப் போனால், கொள்ளிடமே முதலில் பிரிகிற இடம் தெரிகிறது. அங்கே பழைய மதகுகள் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தோடு போன கதையை ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பகிர்ந்து பகிர்ந்து மெலிகிற ஆறு இது, மெலிந்த அளவுக்கு வயல் நனைந்திருக்கிறது என்று அவனே சொன்னான். நாட்கணக்கில் ஆற்றின் ஓரமாகவே மிதித்து வராதவனுக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. பாடம் கெட்டுப்போகும் என்பவர்கள் புவியியல் பாடம் எங்கே நடக்கிறது என்று சொல்லட்டும்.

சரி, போகலாம், ஆனால் பேரணியாகப் போகட்டும் என்று இடைவழி சொல்கிறவர்களும் உண்டு. ஒரே நிற பனியன், கொடி, அறுபது பேர் ஒன்றாக, பின்னால் ஒலிபெருக்கி கட்டிய வேன். இதைவிடச் சைக்கிள் பயணமே இல்லாமலிருப்பது நல்லது. அறுபது சைக்கிள் ஒரே சரமாகப் போனால் அதை முந்த வருகிற பேருந்துக்கு இருநூறு மீட்டருக்கு மேல் வெற்றுச் சாலை வேண்டும். கிடைக்காது. பாதியில் எதிர்வண்டி வந்தால் பேருந்து ஓட்டுநர் நம் பிள்ளைகள் பக்கம்தான் ஒடிப்பார். பின்னால் ஊர்ந்து வரும் வேன் இன்னும் சில வண்டிகளைத் தேக்கி, பொறுமையிழந்து முந்த வைக்கிறது. ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்கள், குழுவுக்கு இரண்டு பெரியவர்கள், ஒற்றை வரிசை, குழுக்களுக்கு இடையே ஒரு பேருந்து நுழைந்து மூச்சு விட இடம், இதுதான் முறை. வேன் முன்னே போய் அடுத்த நிறுத்தத்தில் தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் வைத்துக் காத்திருக்கட்டும்.

குழுவில் மிக மெதுவாக ஓட்டுகிறவரை முன்னவருக்கு அடுத்த இடத்தில் விட வேண்டும். அவர் வேகம்தான் எல்லோருடைய வேகம். பின்னால் விட்டால் துரத்திப் பிடிக்கும் பதற்றத்திலேயே விழுவார். "பள்ளம்", "பஸ்", "நிக்கிறேன்" என்று முன்னவர் சொல்வதைப் பின்னவர் ஒருவர் மாற்றி ஒருவர் கடத்த வேண்டும். வெட்கப்படுகிற பிள்ளைகள் முதல் நாள் முணுமுணுப்பார்கள், இரண்டாம் நாள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார்கள். நிற்பதென்றால் சக்கரம் முழுதும் சாலையை விட்டு இறங்க வேண்டும். பாலத்தின்மேலும் வளைவிலும் செயின் கழன்றாலும் நிற்கக்கூடாது, தள்ளிக்கொண்டாவது கடக்க வேண்டும்.

பிள்ளைகள் உடம்பு தாங்காது என்பது அடுத்த வாதம். முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிற பிள்ளையைக் காட்டி, "பாருங்க, இந்தத் தலைமுறைக்குத் தெம்பில்லை" என்பார்கள். அந்தப் பிள்ளையின் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் வாங்கின நாளில் இருந்தபடியே அடிமட்டத்தில் இருக்கும், பிள்ளை இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கும். பெடல் கீழே வரும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்துக்குச் சீட்டை ஏற்றினால் பாதி வலி அங்கேயே போய்விடும். டயரில் காற்று குறைந்திருந்தால் மீதிச் சோர்வுக்கு அது காரணம். வால் டியூப் வெடித்து மெல்லக் காற்று இறங்குவதைத் தெரியாமலே ஒரு நாள் முழுக்க மிதித்த பிள்ளைகள் உண்டு. தெம்பைக் குறை சொல்வதற்கு முன் ஒரு ஸ்பேனரையும் பம்பையும் எடுக்க வேண்டும்.

வெயிலைப் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் அதற்கும் விடை இருக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் வெப்பத்தைத் தாங்குவதில் குறைந்தது என்றுதான் முன்பு மருத்துவர்களும் நம்பினார்கள். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் கழகம் 2011இல் அந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டது. போதுமான தண்ணீரும் ஓய்வும் இருந்தால் அப்படி ஒரு குறை இல்லை, ஆபத்து வருவது பெரும்பாலும் திட்டமிடாததால்தான் என்றது. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு நிழல், கடலை மிட்டாய், வாழைப்பழம், மோர், பதினொன்றுக்கெல்லாம் மண்டபத்துக்குள் போய்ப் படுத்துவிட்டு மூன்றரைக்கு மேல் எழுவது. இதற்கு மேல் பெரிய வித்தை கிடையாது. உட்கார்ந்தே இருப்பதன் விலை வேறு. 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் நாளுக்கு ஒரு மணி நேர உடலுழைப்புகூட இல்லாமல் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அவர்களை யாரும் அபாயத்தில் இருப்பவர்களாகக் கருதுவதில்லை.

மாணவிகள் விஷயத்துக்கு வருகிறேன். பையன்கள் வேண்டுமானால் போகட்டும், பொண்ணுங்களை எப்படி என்பதுதான் எல்லாக் கூட்டத்திலும் கடைசியாக, குரலைத் தணித்துக்கொண்டு வருகிற வாதம். இந்த வாதத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டம் 1991லேயே பதில் சொல்லிவிட்டது. அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில், பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். வயல்வேலை செய்தவர்கள், கல்குவாரியில் உழைத்தவர்கள், கைக்குழந்தையைப் பாரில் வைத்துக்கொண்டு ஓட்டியவர்கள். ஏச்சும் கேலியும் வந்தன, அவர்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதியது இந்திப் பாடநூலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாயிற்று. வடக்கே உள்ள பிள்ளைகள் நம் பெண்களைப் படித்திருக்கிறார்கள். பீகாரில் 2006 முதல் மாணவிகளுக்குச் சைக்கிள் தந்ததால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் எண்ணிக்கை 32 சதவீதம் உயர்ந்ததாகக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

மாணவிகள் வரும் பயணத்துக்குக் கூடுதலாக வேண்டியது பயம் அல்ல, ஏற்பாடு. குழுவுக்கு ஓர் ஆசிரியை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே சுற்றிப் பார்த்து எழுதிய பட்டியல். வேனில் நாப்கின். மாதவிலக்கு நாளில் மிதிப்பதா, வேனில் வருவதா என்று அந்தப் பெண்ணே, யாரிடமும் காரணம் சொல்லாமல், முடிவெடுக்கும் உரிமை. இவற்றைச் செய்துதர முடியாத பள்ளி, "பொண்ணுங்க வேண்டாம்" என்று சொல்வது அந்தப் பெண்களின் குறையால் அல்ல.

ஆகவே அனுமதி கேட்டு வருகிற ஆசிரியரிடம் தலைமையாசிரியர்கள் கடுமையாகவே நடந்துகொள்ளட்டும். நான் தடுக்க மாட்டேன். வழியை நீங்களே ஒருமுறை அதே நேரத்தில் சைக்கிளில் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். எல்லாச் சைக்கிளையும் கடைக்காரரிடம் காட்டி பிரேக் கட்டை, செயின், டயர் பார்த்தாயிற்றா, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒட்டியாயிற்றா, தலைக்கவசம் எத்தனை குறைகிறது, பஞ்சர் ஒட்டத் தெரிந்த பிள்ளைகள் குழுவுக்கு இரண்டு பேராவது உண்டா, வழியில் உள்ள அரசு மருத்துவமனைகளின் எண்கள் எங்கே என்று கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் திருப்பி அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் பதிலோடு வந்தவரை "எதுக்கு சார் ரிஸ்க்கு" என்று அனுப்பாதீர்கள். தையில் புறப்பட வேண்டிய குழு ஐப்பசிக்கு முன்பே சனிக்கிழமைகளில் பத்து, பதினைந்து, இருபது கிலோமீட்டர் என்று பழகத் தொடங்க வேண்டும். அடைமழை தொடங்கினால் ஒரு மாதம் போய்விடும். அதற்கான அனுமதிக் கடிதத்தில் காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.